ஏழாவது கேள்வி

மைசூர்,
12.6.2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு ஈவ்லின் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீயும் டேவிஸ் மாமாவும் உன் அத்தையும் அதுபோலவே நலம் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. நீ போனை எடுத்தாலே உன் அத்தை, "ஸ்பீக்கர்ல போடு கண்ணு, நானும் கேக்கறேன்" என்கிறார். இங்கேயோ ஒரே அறை. நான் உன்னிடம் ஒன்று கேட்டால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். அதனால்தான் உன் தையல் நிலைய முகவரிக்கு எழுதுகிறேன். சிஸ்டரிடம் சொல்லி வாங்கிக்கொள்.

எனக்கு வேலை கிடைத்ததை அம்மா சொல்லியிருப்பாள். "ஆஸ்பத்திரியில எழுதற வேலை" என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டில் கல்லும் மண்ணும் சுமக்காமல் வேலைக்குப் போகிற முதல் ஆள் நான் என்பதில் அப்பாவுக்கு அத்தனை சந்தோஷம். என்ன எழுதுகிறேன் என்று இருவரும் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஆய்வு நிலையம் இருக்கிறது. மூலிகை மருந்து செய்கிற ஒரு கம்பெனிக்காக நடக்கும் ஆய்வு. அமுக்கராக் கிழங்கைப் பொடித்துக் கேப்சூலில் அடைத்துப் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். கணவனிடம் ஆசை குறைந்துபோன பெண்களுக்கு அது பலன் தருகிறதா என்று பார்க்கிறார்கள். இந்த ஒரு வரியை எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

முதல் முறை டாக்டர் காவேரியே அவர்களிடம் பேசிப் படிவம் எழுதுவார். அதன் பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் கேட்டு எழுத வேண்டும். கன்னடம் பேசுகிறவர்களுக்கு அனுப்ரியா, தமிழ்ப் பெண்களுக்கு நான். மொத்தம் பத்தொன்பது கேள்வி. தூக்கம், பசி, களைப்பு என்று ஆறு கேள்வி போகும். ஏழாவதிலிருந்து அந்த விஷயம். படிவம் கன்னடத்தில்தான் இருக்கிறது. நான் வாயால் தமிழில் சொல்லிக் கேட்க வேண்டும்.

வருகிறவர்களில் பாதிப்பேர் அப்பாவோடு வேலை செய்கிறவர்களின் மனைவிமார். முதல் நாளே ஓர் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "நீ லூர்து மேஸ்திரி மக தானே? மணல் மேட்டுல உக்காந்து பிஸ்கட் திம்பியே!" என்றார். நீயே யோசித்துப் பார்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்தப் பிரசவத்துக்குப் பிறகு நீ உடம்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அன்புடன்,
ஈவ்லின்


மார்டள்ளி,
30.6.2024

மரியே வாழ்க!

அன்புள்ள பாப்பாவுக்கு ஹில்டா அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. உன் மாமாவுக்கு டெம்போ ஓட்டம் நன்றாக இருக்கிறது, தினமும் கொள்ளேகால் போய் வருகிறார். மழை பெய்து மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

உன் வேலையைப் படித்துச் சிரித்தேன். பத்தாவது வரை வகுப்பில் எழுந்து நின்று பேர் சொல்லவே அழுவாய். உன்னைப் போய் இந்த வேலைக்கு எடுத்திருக்கிறார்களே!

ஒரு விஷயம் கேட்கிறேன். பக்கத்து வீட்டு வடிவு உனக்கு ஞாபகம் இருக்கும், என் கல்யாணத்தில் உனக்குப் பூ வைத்துவிட்டவள். அவளுக்கு ஒன்றரை வருஷமாக நீ சொன்ன அந்தக் குறைதான். கணவன் நல்லவன், சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு மனம் போகவில்லை. அவள் மாமியாருக்கு அது தெரிந்துவிட்டது. சந்தையில் லிங்கப்பன் என்று ஒருவர் பொடி விற்கிறார். அதுவும் அமுக்கரா தானாம். அந்த அம்மாள் வலிக்கிற காலோடு நடந்துபோய் வாங்கி வந்து தினமும் பாலில் கலக்கிக் கொடுக்கிறார்.

அது உண்மையிலேயே கேட்குமா? நீ படித்தவள். வடிவுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறேன்.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவைக் கால் நனையாமல் இருக்கச் சொல்.

அன்புள்ள அக்கா,
ஹில்டா


மைசூர்,
8.7.2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று படித்ததில் நிம்மதி. இங்கேயும் நலம். அம்மா கால் நனைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

வடிவு கேட்டதை டாக்டர் காவேரியிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். பழைய ஆய்வுகள் நாலைந்தைப் படிக்கக் கொடுத்தார். இரண்டு ராத்திரி அகராதியோடு படித்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

சில ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அவை சின்ன ஆய்வுகள். ஐம்பது அறுபது பெண்கள், எட்டு வாரம், அவ்வளவுதான். கிழங்கு விற்கிறவர்களே செலவு செய்து நடத்தியவையும் அதில் உண்டு. அதோடு, இந்த மாதிரி ஆய்வுகளில் பாதிப்பேருக்குத்தான் உண்மையான மருந்து. மற்றவர்களுக்கு அதே நிறக் கேப்சூலில் வெறும் சோள மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கடைசியில்தான் பட்டியலைப் பிரிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், மாவு சாப்பிட்டவர்களிலும் நிறையப் பேர் தேவலை என்று சொல்லியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் அக்கறையாக உட்கார்ந்து விசாரிப்பதே பாதி மருந்து என்கிறார் டாக்டர்.

எங்கள் ஆய்வில் அறுபது பேர். முப்பத்தொரு பேர் தமிழ்ப் பெண்கள், என் பொறுப்பு. அக்டோபரில் பட்டியலைப் பிரிப்பார்கள். அதுவரை வடிவைப் பொறுத்திருக்கச் சொல். சந்தைப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் கர்ப்பமாக இருந்தால் குடிக்கவே கூடாது. தைராய்டு, ஈரல் கோளாறு இருந்தாலும் கூடாது. கட்டாயம் சொல்.

அனுப்ரியா கேள்வி கேட்பதைப் பார்க்க வேண்டுமே! ரேஷன் கார்டு நம்பர் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுக் கட்டத்தில் டிக் போடுகிறாள். என் முகத்தைப் பார்த்து, "ஏனே மாராய்த்தி, நாச்சிகேனா?" என்று கேலி செய்கிறாள். வெட்கமா என்று கேட்கிறாள். நான் இல்லை என்று தலையாட்டுகிறேன்.

வடிவின் மனம் ஏன் போகவில்லை என்று அவளை யாராவது கேட்டார்களா?

அன்புடன்,
ஈவ்லின்


மார்டள்ளி,
11.8.2024

மரியே வாழ்க!

அன்புள்ள பாப்பாவுக்கு, நலம். உங்கள் மூவர் நலமும் வேண்டிக்கொள்கிறேன். உடனே எழுத முடியவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற நேரம். நூற்றிருபது பாவாடை.

நீ எழுதியதை வடிவிடம் சொன்னேன். பொறுத்திருக்கச் சொன்னால் எங்கே? மாமியார் டம்ளரோடு பக்கத்திலேயே நிற்கிறார். வாயில் வைத்தால் மண்ணும் குதிரை லாயமும் சேர்ந்த வாசம். "மூக்கப் புடிச்சுட்டு ஒரே மடக்கா குடி கண்ணு, உன்ற நல்லதுக்குத்தான்" என்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. அவர் ஆறு பெற்று இரண்டைப் பறிகொடுத்தவர். ஒன்று போனால் அடுத்ததைப் பெற்றுவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். அவள் கணவனோ, "அம்மா சொல்லுதில்ல, குடிச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நீ கேட்ட கேள்விக்கு வடிவு ஒன்றும் சொல்லவில்லை.

எதற்கும் சீக்கிரம் முடிவைத் தெரிந்து எழுது. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கலாம் என்று மாமியார் சொல்கிறாராம்.

அன்புள்ள அக்கா,
ஹில்டா


மைசூர்,
2.9.2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் நலம் அறிய ஆவல்.

அவசரமாக எழுதுகிறேன். கம்பெனியிலிருந்து மனோஜ்குமார் என்கிற மேனேஜர் வந்திருந்தார். பட்டியல் இன்னும் பிரிக்கவில்லை, ஆனாலும் படிவங்களைக் கூட்டிப் பார்த்தார்கள். தமிழ்ப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நல்ல பலன் என்று வந்திருக்கிறது. மனோஜ்குமார் என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

வடிவுக்குச் சொல், மருந்து நன்றாகக் கேட்கிறது போலத் தெரிகிறது. அவள் தைரியமாக இருக்கட்டும்.

வேறு ஒன்றும் இல்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஈவ்லின்


மார்டள்ளி,
24.9.2024

மரியே வாழ்க!

அன்புள்ள பாப்பாவுக்கு, இங்கே எல்லாரும் நலம்.

சிஸ்டர்கள் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்த் தையல் நிலையம் பத்து நாள் பூட்டியிருந்தது. தபால்காரர் உன் கடிதத்தை நேராக வீட்டில் கொடுத்துவிட்டார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. உன் மாமாவைப் படிக்கச் சொன்னார். அவர் சத்தமாகப் படித்தார். வடிவு என்று வந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மீதியையும் படித்தார்.

அத்தை அதைக் கேட்டுவிட்டு வடிவின் மாமியாரிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வடிவுக்கு இரண்டு வேளை. "பாத்தியா, மைசூர்லயே ருசுப் பண்ணிட்டாங்க" என்று தெருவில் பேச்சு. வயிறு கலங்கிக் கலங்கி அவளால் உட்கார்ந்து தைக்க முடியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். மாமியார் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை. "பத்துக்கு ஒம்போது பேருக்குக் கேக்கற மருந்து இவளுக்குக் கேக்கலீன்னா, கொறை மருந்துலயா இருக்குது?"

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. ஓய்வுக்கு என்றுதான் சொல்வார்கள். இந்தத் தெருவில் அப்படி ஓய்வுக்குப் போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

வடிவு உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். எல்லாருக்கும் கேட்கிற மருந்து ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் அவள் என்ன பிறவி?

அன்புள்ள அக்கா,
ஹில்டா


மைசூர்,
20.10.2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

வடிவு கேட்ட கேள்விக்குப் பதில்: அவளிடம் ஒரு குறையும் இல்லை. பத்துக்கு ஒன்பது என்பது பொய். அந்தப் பொய்யை எழுதியது நான்.

நான் ஏழாவது கேள்வியை ஒருவரிடமும் கேட்கவில்லை. முதலில் வந்தவர் என்னை மணல் மேட்டுப் பாப்பாவாகப் பார்த்தார். ஆறு கேள்வி கேட்டேன். ஏழாவதுக்குப் பதிலாக, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். "நல்லா இருக்கோம் கண்ணு" என்றார். நான் "நல்ல முன்னேற்றம்" கட்டத்தில் டிக் போட்டேன். அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு கேள்விக்கும் அதே கட்டம். அடுத்து வந்தவரிடமும் அதுதான். மூன்று மாதம், முப்பத்தொரு பெண்கள். தூக்கம், பசி கேட்டதில் தேவலை இல்லை என்று சொன்ன ஒருசிலரால்தான் பத்துக்குப் பத்து வரவில்லை. யார் யாரை நல்லா இருக்கீங்களா என்று கேட்டாலும் நல்லா இருக்கோம் என்றுதானே நாம் சொல்வோம்? அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு மருந்தையே ஜெயிக்க வைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் தாரணியக்கா கடைசிப் படிவத்துக்கு வந்தார். சித்தாள் வேலை செய்கிறவர், வாய் சும்மா இருக்காது. நான் வழக்கம்போல வீட்டில் எல்லாரும் நலமா என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏன் அம்மிணி, நானும் மூணு மாசமா பாக்கறேன். எங்க வீட்டு ஆளுங்க சொகம், ஆட்டுக்குட்டி சொகம் எல்லாம் கேக்கறே. நான் எதுக்கு மருந்து முழுங்கறனோ அதை மட்டும் கேக்க மாட்டேங்கறே. பெரிய டாக்டரம்மா மொத நாளு கேட்டுச்சு. நான் அழுதுட்டே சொன்னேன். நீ எப்பக் கேப்பியோன்னு காத்துட்டிருக்கறேன்."

"கேட்டா தப்பா நெனைப்பீங்களோன்னு..." என்றேன்.

"தப்பா நெனைக்கறதா? இருவது வருசத்துல எங்கிட்ட இதைக் கேக்கறதுக்கு ஒரு ஆளு வந்துச்சேன்னு பஸ்ஸேறி வர்றேன். நீ கட்டத்துல டிக்கு போட்டு அனுப்பறே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது தாங்கவில்லை.

போன வாரம் பட்டியலைப் பிரித்தார்கள். தமிழ்ப் பெண்களில் கிழங்கு சாப்பிட்டவர்களுக்கும் பத்துக்கு ஒன்பது, மாவு சாப்பிட்டவர்களுக்கும் பத்துக்கு ஒன்பது. டாக்டர் காவேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "சோள மாவுக்கு இவ்வளவு சக்தியா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எத்தனை படிவம்?" என்றார். முப்பத்தொன்றும் என்றேன். அவற்றைத் தனியாக எடுத்துக் கட்டி, மேலே "சேர்க்கக் கூடாது" என்று எழுதி, கையெழுத்து என்னையே போடச் சொன்னார். வேலையில் வைத்திருப்பார்களா என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கே ஒரு வேலை கொடுத்தார். "உன் வாயில் வரவில்லை என்றால் எழுது. உன் வீட்டுப் பெண்களுக்குப் புரிகிற தமிழில் பத்தொன்பது கேள்வியையும் எழுதிக்கொண்டு வா" என்றார். எழுதினேன். அதில் ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா, போன வாரம் அம்மா மார்டள்ளி வந்து உன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஹில்டா நல்லா இருக்கா, கொஞ்சம் எளச்சிருக்கா" என்றாள். அதோடு பக்கத்து வீட்டு வடிவுக்கு மூன்றாவது பெண் குழந்தை பிறந்து பேர் வைத்தார்கள் என்றும் சொன்னாள்.

நீ நலம் என்று எழுதினாய், நான் நலம் என்று கட்டத்தில் போட்டேன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறோம்.

தாளில் பேர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். யார் பேரையும் எழுத வேண்டாம். ஏழாவது கேள்வியை மட்டும் படி. அதை நான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
ஈவ்லின்


மைசூர்,
10.11.2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு, பதில் வரவில்லை. கடிதம் மறுபடி வீட்டுக்குப் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. போனில் அம்மாவிடம் பேசும்போது உன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்ததும் தெரிந்தது.

என் படிவங்களைக் கழித்துவிட்டு மீதி இருபத்தொன்பது பேரைக் கூட்டிப் பார்த்தார்கள். கிழங்கு சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் தேவலை. மாவு சாப்பிட்டவர்களுக்கும் கொஞ்சம் தேவலை. வித்தியாசம் இருக்கிறதா என்று இத்தனை குறைந்த பேரை வைத்துச் சொல்ல முடியாது. "தெரியவில்லை" என்றுதான் டாக்டர் அறிக்கை எழுதுகிறார். மனோஜ்குமார், "தெரியலேன்னு டப்பா மேல போட்டா எப்படிம்மா விக்கறது?" என்று கத்திவிட்டுப் போனார். மருந்து கேட்காது என்றும் அர்த்தமில்லை அக்கா, கேட்கும் என்றும் அர்த்தமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எங்களுக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

எனக்கு ஜனவரி வரை வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

கல்லறைத் திருநாள் அன்று உன்னை நினைத்தேன். போனாயா என்று கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

தாள் வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடு. ஆனால் எழுது.

ஈவ்லின்


மார்டள்ளி,
1.12.2024

பாப்பாவுக்கு,

நான் நலமாக இல்லை.

இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வர எனக்கு இரண்டு நாள் ஆனது. உனக்குக் கால் மணி நேரம்தானே ஆனது. அதனால்தான் நீ பட்டதாரி.

உன் கடிதம் பத்திரமாகத் தையல் நிலையத்துக்குத்தான் வந்தது. தாளைத் துணி வெட்டுகிற காகிதங்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். தினமும் எடுத்துப் படிப்பேன். "கடந்த நான்கு வாரத்தில் உங்கள் கணவரோடு சேர வேண்டும் என்று உங்களுக்கே ஆசை வந்ததா? எத்தனை முறை?" என்று எழுதியிருக்கிறாய். பிறகு கட்டங்கள். ஒருமுறையும் இல்லை, சில முறை, பல முறை. எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் என் பதில் அதில் இல்லை.

ஆசை வரவில்லை என்று இல்லை பாப்பா. வருகிறது. அதற்கு முன்னாலேயே பயம் வந்து நின்றுகொள்கிறது. அவர் கை என் மேல் பட்டால் எனக்கு டெம்போவின் முன் சீட்டுதான் ஞாபகம் வருகிறது. அன்று காலை கொள்ளேகால் போகிற வழியெல்லாம் ரத்தம். குழந்தை போய்விட்டது, நான் பிழைத்தது அதிசயம் என்றார்கள். இரண்டு வருஷம் பொறுங்கள் என்று டாக்டர் சொன்னதை அத்தை, "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று விட்டுவிட்டார். அடுத்தது எப்போது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். எனக்குப் பயமா என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் படிவத்திலும் பயத்துக்குக் கட்டம் இல்லை. உன் டாக்டரிடம் சொல்.

போன செவ்வாய் துணி வாங்க அவரோடு கொள்ளேகால் போனேன். ஹனூர் தாண்டினோம். திடீரென்று, "வடிவுக்கு மூணாவது பொறந்திருச்சு, தெரியுமில்ல?" என்றார். முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் வாய் ஓரத்தில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். வண்டியை ஓரம் கட்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். ஏழாவதுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"பயமா இருக்குதா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஸ்டியரிங்கைத் தடவினார். "இந்த சீட்டை நாந்தான் கழுவுனேன். மூணு தடவ. ஒர்க் ஷாப்ல மாத்தித் தாறேன்னாங்க, குடுக்கல" என்றார். 

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவரும்தான் என் பக்கம் வரவில்லை. சும்மா கையை வைப்பார், உடனே எடுத்துக்கொள்வார். அதை யாரும் குறை என்று சொல்லவில்லை. அவருக்கு யாரும் பாலில் பொடி கலக்கிக் கொடுக்கவில்லை.

வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். "நானே கேக்கறேன், நீ சும்மா இரு" என்று வீரமாக உள்ளே வந்தார். டாக்டரம்மா என்ன விஷயம் என்று கேட்டதும், "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கறமுங்க" என்றார்! உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கடைசியில் நான்தான் சொன்னேன். சொல்ல முடிந்தது பாப்பா. கையில் உன் தாள் இருந்தது, பார்த்துப் படிக்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் மிகவும் குறைவாம், களைப்புக்கும் மனம் சோர்ந்து கிடப்பதற்கும் அதுவே பாதிக் காரணம் என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். எனக்குத் தைரியம் வரும் வரை கர்ப்பம் ஆகாமல் இருக்க வழி சொன்னார், அதை இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். அடுத்த முறை ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், போன முறை நடந்தது போல மறுபடி நடக்கத்தான் வேண்டும் என்று இல்லை என்றார். சந்தைப் பொடியை நிறுத்தச் சொன்னார். திரும்பி வரும்போது கல்லறைத் தோட்டத்தில் வண்டி நின்றது. நான் சொல்லவில்லை, அவராகவே நிறுத்தினார். குழந்தையின் குழிமேட்டில், திருநாளன்று யாரோ ஏற்றியிருந்த மெழுகுவத்தி உருகிக் காய்ந்து கிடந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, "அம்மா, இனிப் பொடி வேண்டாம்" என்று அவர் சொன்னார். அத்தை இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டம்ளரோடு வந்து நின்றார். "வெறும் பாலுதான். மூக்கப் புடிக்காம குடி" என்றார். குடித்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து நான் மைசூர் வருகிறேன். ஓய்வுக்கு இல்லை. அவரும் வருகிறார், இரண்டு நாள் இருந்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து திரும்புவோம். அந்த ஒரே அறையில் நம் எல்லாருக்கும் எங்கே பாய் போடுவது என்று அம்மாவை யோசிக்கச் சொல்.

தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். தூக்கம், பசி, களைப்பு எல்லாம் உண்மையாகவே எழுதியிருக்கிறேன். பேர் எழுதுகிற இடத்தில் என் பேரை எழுதிவிட்டேன். ஏழாவதுக்கு மட்டும் எதிலும் டிக் போடவில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்று சொன்னாயே, அடுத்த மாதம் வருவேன், நேரில் கேள். வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்காதே.

அக்கா,
ஹில்டா